97 என்றால் நோமலா?

"றிப்போட்டிலை எல்லாம் நோமல் எண்டுதானே கிடக்கு டொக்டர். பிறகேன் அம்மான்ரை ஊசியைக் குறைக்கிறியள்?"

மாரடைப்போடு வந்த அம்மாவின் மகள் கேட்டது நியாயமான கேள்வி. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியற்றினின் இரத்தத்தில் லீற்றருக்கு 97 மைக்ரோமோல், டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் 1.1. அச்சிட்ட எல்லைக்குள்தான் இருந்தது.

ஆனால் கிரியற்றினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய 74 வயது உடம்பில் அது உண்டாவதே குறைவு. சிறுநீரகம் தளர்ந்தாலும் எண் பெரிதாக ஏறாது. மாரடைப்புக்குப் பிறகு இறப்பு, இதயச் செயலிழப்பு, இரத்தக்கசிவு மூன்றுமே சிறுநீரகம் வடிகட்டும் வீதம் குறைந்தவர்களுக்குத்தான் கூட. மாரடைப்பு நோயாளியின் ஆபத்தை மதிக்கும் கிரேஸ் புள்ளியில் கிரியற்றினின் இருப்பதும் அதனால்தான். மெலிந்தவர்களில் அங்கேயும் அது ஆபத்தைக் குறைத்துக் காட்டும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசியான ஈனொக்சபரினின் அளவுக்கு, சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் வடிக்கிறது என்று மதிக்கும் கொக்குறொவ்ற்-கோல்ற் கணக்குப் பார்ப்போம். 140இல் வயதைக் கழித்து, நிறையால் பெருக்கி, கிரியற்றினின் மில்லிகிராமின் 72 மடங்கால் வகுக்க வேண்டும், பெண்ணென்றால் 0.85ஆல் பெருக்க வேண்டும். விடை 30க்குக் கீழே என்றால், கிலோவுக்கு 1 மில்லிகிராம் ஊசி 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அல்ல, நாளுக்கு ஒருமுறைதான்.

சிக்கல் நிறையில் வந்தது. நெஞ்சுநோவோடு வந்தவரை எழுப்பித் தராசில் ஏற்ற ஏலாது. தாதி பார்வையில் 50 கிலோ என்று மதித்தார். மகள் காட்டிய கிளினிக் கொப்பியில் 42. 50 என்றால் விடை 35. 42 என்றால் 29.7. நிறையைக் கேளாமல், கிரியற்றினினோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் மட்டும் பார்க்கும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரமோ 53 என்றது.

கொப்பியை நம்பி நாளுக்கு ஒருமுறை என்று முடிவாயிற்று. அளந்த நிறை, மதித்த நிறையைவிட நம்பத்தக்கது; மெலிந்த முதியவருக்குக் குடலில் கசிந்தால் தாங்காது. இது என் நியாயம். ஆனால் வெறும் 0.3 வித்தியாசத்துக்காக மருந்தைப் பாதியாக்கினால் இதய நாடியில் உறைந்த இரத்தக்கட்டி என்னாகும்? சிறுநீரகத்துக்கான இன்னொரு இரத்தச் சோதனையான சிஸ்ரற்றின் சி தசையை அவ்வளவாக நம்பியிராதது, ஓரளவு தீர்ப்புச் சொல்லியிருக்கும். ஆனால் இரவில் கைக்கெட்டாத சோதனை அது; தைரொயிட் கோளாறும் ஸ்ரீரொயிட்டும் அழற்சியும் அதையும் அசைக்கும். மேலும், கிரியற்றினின் நிலையாக இருந்தால்தான் இந்தச் சூத்திரங்கள் பொருந்தும். முதல் இரவில் அது நிலையா என்று எப்படிச் சொல்வது?

"அம்மான்ரை உடம்புக்கு அந்த எண் நோமல் இல்லை அக்கா."

"அப்ப கிட்னி பழுதோ?"

நாட்பட்ட நோய் என்று சொல்ல மூன்று மாதமாவது குறைவு நிலைத்திருக்க வேண்டும். பழுதென்றும் இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டதா என்று அறிய, 48 மணித்தியாலத்துக்குள் கிரியற்றினின் 26 மைக்ரோமோல் ஏறுகிறதா என்று பார்க்க, மறுநாளும் இரத்தம் எடுக்க எழுதினோம். நிறைக்குப் பக்கத்தில் 'அளந்தது', 'மதித்தது' என்று பிரித்து எழுதுமாறு தாதியிடம் கேட்டுக்கொண்டேன்.