பி.ஆர்.சி.ஏ. பரிசோதனை: நைஜீரியாவின் லாகோசில் எங்களுக்கு ஆன 14 மாதங்கள்

என் கணவரின் குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் யார் யாருக்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு 14 மாதங்கள் பிடித்தன. ஆய்வகத்துக்கு உண்மையில் தேவைப்பட்டவை ஏழு வாரங்கள்தான். மற்ற மாதங்களெல்லாம் தவறாகத் தேர்ந்தெடுத்த ஒரு சோதனைக்கும், கெட்டுப்போன இரத்தத்துக்கும், கையில் இல்லாத ஒரு மூலப் பிரதிக்கும், படிவத்தில் தந்தை வழியைக் கேட்காமல் விட்டதற்கும் போய்விட்டன. இந்தப் பரிசோதனைக்குப் போகவிருக்கும் ஒரு குடும்பமாவது அந்த மாதங்களை இழக்காமல் இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மதுரைப் பக்கத்துப் பெண். கணவர் நைஜீரியாவின் யொரூபா இனத்தவர். இபாடானில் பிறந்து வளர்ந்தவர். என் நாத்தனாருக்கு 38 வயதில் இடது மார்பில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்தன. அதன் பிறகு அவருடைய மருத்துவர், இவ்வளவு இளம் வயதில் வந்திருப்பதால் மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்றார். எங்கள் மகளுக்கு அப்போது 11 வயது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நாத்தனாரைவிட மகளின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்த அவசரத்தில்தான் முதல் தவறு நடந்தது.

லண்டனில் இருக்கும் கணவரின் சித்தப்பா மகள் எச்சில் சோதனைப் பெட்டி ஒன்றை அனுப்பினார். கணவர் எச்சிலைச் சேகரித்து அனுப்பினார். சில வாரங்களில் 'மாற்றம் எதுவும் கண்டறியப்படவில்லை' என்று மின்னஞ்சல் வந்தது. அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். மறுமாதம் நாத்தனாரின் மருத்துவரிடம் அதைக் காட்டியபோது, அவர் இரண்டாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்ததைப் படிக்கச் சொன்னார். பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 ஆகிய இரண்டு மரபணுக்களிலும் நோய்க்குக் காரணமாகக்கூடிய மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் அறியப்பட்டிருக்கின்றன. அந்தச் சோதனை தேடியதோ மூன்றை மட்டும். அந்த மூன்றும் கிழக்கு ஐரோப்பாவில் வேர் கொண்ட அஷ்கெனாசி யூதர்களிடம் மிகுதியாகக் காணப்படுபவை. நைஜீரியக் குடும்பங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒய்101எக்ஸ் போன்ற மாற்றத்தை அது தேடவே இல்லை. தேடாத இடத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்தியை நம்பி நாங்கள் ஒரு மாதம் மகிழ்ந்திருந்தோம்.

இதில் இன்னொரு பிழையும் இருந்தது. நோய் வந்தவரை விட்டுவிட்டு, நோய் வராதவரை முதலில் சோதித்துவிட்டோம். அவருக்கு 'இல்லை' என்று வந்தால், குடும்பத்திலேயே மாற்றம் இல்லையா, இருந்தும் அவருக்கு மட்டும் வராமல் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நோய் கண்டவர் உயிரோடு இருந்தால், அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாம் முறை முறையாகப் பதிவு செய்து, நாத்தனாரோடு ஒரு சோதனை மையத்துக்குப் போனோம். அங்கே கொடுத்த படிவத்தில் தாய், தாய்வழிப் பாட்டி, சித்தி, உடன்பிறந்த சகோதரி ஆகியோருக்கு மட்டும் கட்டங்கள் இருந்தன. தந்தை வழியை எங்கே எழுதுவது என்று கேட்டேன். "மார்பகப் புற்றுநோய்க்கு அது தேவையில்லை, பெண்கள் வழியாகத்தான் வரும்" என்றார் அங்கிருந்த ஊழியர். தாய் வழியில் யாருக்கும் நோய் இல்லாததால், குடும்ப வரலாறு என்ற இடத்தில் 'ஏதுமில்லை' என்று அவரே எழுதினார். அந்த ஒற்றைச் சொல்லின் அடிப்படையில், மரபணுக்களை முழுதாகப் படிக்கும் முழுச் சோதனை அவசியமில்லை என்ற குறிப்போடு எங்கள் கோப்பு நான்கு வாரம் கழித்துத் திரும்பி வந்தது.

இது எவ்வளவு பெரிய தவறு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பி.ஆர்.சி.ஏ.1 பதினேழாம் குரோமோசோமிலும், பி.ஆர்.சி.ஏ.2 பதின்மூன்றாம் குரோமோசோமிலும் இருக்கின்றன. இரண்டுமே பாலினக் குரோமோசோம்கள் அல்ல. தாயிடமிருந்து வருவதைப் போலவே தந்தையிடமிருந்தும் சரிபாதி வாய்ப்போடு அவை பிள்ளைகளுக்கு வரும், அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்பது இதில் ஒரு பொருட்டே அல்ல. என் மாமனார் புராஸ்டேட் புற்றுநோயால் 61 வயதில் இறந்தவர். அவருடன் பிறந்த நால்வரும் ஆண்கள். பி.ஆர்.சி.ஏ.2 மாற்றம் உள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது, மார்பகப் புற்றுநோயும் வரலாம். ஆண்களே நிறைந்த வழியில் அந்த மாற்றம் யார் கண்ணிலும் படாமல் ஒரு தலைமுறையைக் கடந்துவிடும். கோப்பு திரும்பி வந்த பிறகு, இபாடானில் இருக்கும் பெரிய மாமனாரைத் தேடிப் போய்ப் பேசினேன். தம் தாய் மார்பில் ஆறாத புண்ணோடு இரண்டு ஆண்டுகள் கிடந்து இறந்ததை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதற்கு அந்த வீட்டில் யாரும் புற்றுநோய் என்று பெயர் வைத்ததில்லை. நோயின் பெயரைக் கேட்டால் முதியவர்களிடம் பதில் கிடைக்காது. எப்படி இறந்தார்கள், எத்தனை வயதில் இறந்தார்கள் என்று கேளுங்கள்.

இந்த விவரங்களோடு மரபணு ஆலோசகர் ஒருவரைச் சந்தித்தபோதுதான், வரலாறு 'ஏதுமில்லை' என்றாலும் சோதித்திருக்க வேண்டும் என்பது தெரிந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மருத்துவர் ஒலுஃபுன்மிலாயோ ஒலோபாடே நைஜீரிய மருத்துவர்களோடு சேர்ந்து பல ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியாயின. மார்பகப் புற்றுநோய் வந்த 1,136 நைஜீரியப் பெண்களில் 14.7 விழுக்காட்டினருக்கு நோய்க்குக் காரணமான மரபணு மாற்றம் இருந்தது. நோய் இல்லாத 997 பெண்களில் அது 1.8 விழுக்காடு. நோயாளிகளில் 7 விழுக்காட்டினருக்கு பி.ஆர்.சி.ஏ.1, 4.1 விழுக்காட்டினருக்கு பி.ஆர்.சி.ஏ.2. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் என்றால், அது அரிதான செய்தி அல்ல. அந்தத் தாளை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன். முழுச் சோதனைக்கான பரிந்துரை அன்றே கிடைத்தது.

அடுத்து பயாப்சி அறிக்கையின் மூலப் பிரதி வேண்டும் என்றார்கள். எங்களிடம் இருந்தது நகல். மூலம் இபாடானில். நாத்தனார் சிகிச்சையின் களைப்பில் இருந்ததால் நானே போனேன். லாகோசிலிருந்து நெரிசலில் சிக்கி அந்த 130 கிலோமீட்டர் தூரத்துக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. பதிவேடுகள் அறையில் இருந்த எழுத்தர், நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார். தம்பியின் மனைவி என்றேன். இரத்த உறவு இல்லாதவரிடம் தர முடியாது என்று சன்னலை மூடிவிட்டார். யொரூபா வீடுகளில் மருமகளைக் கணவருக்கு மட்டும் உரியவளாகக் கருதுவதில்லை. நாத்தனார் உட்பட எல்லோரும் என்னை 'இயாவோ வா', நம் மனைவி, என்றுதான் அழைப்பார்கள். அந்த உரிமை அந்தச் சன்னலில் செல்லவில்லை. நோயாளி கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் அவருடைய அடையாள அட்டையின் நகலும் இல்லாமல் யாரும் கிளம்ப வேண்டாம். ஒரு வாரம் கழித்து அவற்றோடு போனபோது அதே எழுத்தர் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்.

இரத்தம் எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல். மாதிரியைக் கொண்டுபோகும் கூரியர் திங்கட்கிழமைதான் கிளம்பும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த வார இறுதியில் மின்சாரம் நின்று, ஜெனரேட்டரும் பாதியில் ஓய்ந்துபோனது பிறகு தெரிந்தது. 'மாதிரி சோதிக்கத் தகுதியற்றது' என்று மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தபோது நாத்தனார் ஒன்றும் பேசவில்லை. கீமோவுக்குப் பிறகு அவர் கையில் நரம்பு கிடைப்பதே கடினம். நான்கு இடத்தில் குத்தித்தான் அந்த ஊதா மூடிக் குழாயை நிரப்பியிருந்தார்கள். மறுமுறை கூரியர் கிளம்பும் நேரத்தை முதலில் உறுதி செய்துகொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரத்தம் கொடுத்தோம்.

நான்கு வாரத்தில் அறிக்கை வந்தது. அதில் இரண்டு மாற்றங்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஒன்று பி.ஆர்.சி.ஏ.2இல், 'நோய் விளைவிப்பது' என்ற வகையில். மற்றொன்று ஏ.டி.எம். என்ற மரபணுவில், 'பொருள் தெளிவாகாத மாறுபாடு' என்ற வகையில். அறிக்கையைக் கையில் கொடுத்த இளம் மருத்துவர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, "இரண்டு மரபணுவும் பழுது" என்று சொல்லிவிட்டார். அன்று வீட்டில் நடந்ததை எழுத எனக்கு மனம் வரவில்லை. பொருள் தெளிவாகாத மாறுபாடு என்பது பழுது என்று பொருள்படாது. தீங்கா இல்லையா என்று தீர்மானிக்கச் சான்று போதவில்லை என்பதே அதன் பொருள். ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினரிடமிருந்து திரட்டப்பட்டது என்பதால், ஆப்பிரிக்கர்களின் இயல்பான வேறுபாடுகள்கூடத் தெளிவாகாதவை என்ற பட்டியலில் விழுகின்றன. அவற்றில் பல பின்னர் தீங்கற்றவை என்று மாற்றி வகைப்படுத்தப்படுகின்றன. அந்த வரியை மட்டும் நம்பி யாரும் உறுப்பை அகற்றச் சம்மதிக்கக் கூடாது.

பி.ஆர்.சி.ஏ.2 பற்றியும் ஆலோசகர் ஓர் எச்சரிக்கை சொன்னார். அந்த மாற்றம் உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 69 விழுக்காடு என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, பெரும்பாலும் ஐரோப்பியக் குடும்பங்களிலிருந்து எடுக்கப்பட்டது. ஆபத்து பெரிது என்பதற்கு அது போதும், எங்கள் வீட்டுக்கு அதே எண் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

உடன்பிறந்த மூவருக்கும் மீண்டும் முழுச் சோதனைக்கே கட்டணம் கேட்டார்கள். அங்கே மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. குடும்பத்தில் உள்ள மாற்றம் எது என்று தெரிந்தபின், மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். நாத்தனாரின் அறிக்கை நகலை இணைத்து எழுதிக் கொடுத்தேன். கட்டணம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. முழுச் சோதனை செய்பவர்கள், மரபணுவின் ஒரு பகுதியே காணாமல் போகும் பெரிய நீக்கங்களும், ஒரு பகுதி இருமுறை வந்துவிடும் இரட்டிப்புகளும் அதில் பார்க்கப்படுகின்றனவா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மரபணுவின் எழுத்துகளை வரிசையாகப் படிப்பதோடு நிற்கும் சோதனையில் அவை தப்பிவிடக்கூடும்.

கணவருக்கு அந்த மாற்றம் இருக்கிறது. மூன்று வாரத்தில் தெரிந்துவிட்டது. அவர் புராஸ்டேட் பரிசோதனையைத் தொடங்கிவிட்டார். இந்த மாற்றத்தால் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுவதால், நாத்தனார் சினைப்பைகளை அகற்றிக்கொள்ள நாள் குறித்திருக்கிறார். மகளுக்கு இப்போது சோதனை வேண்டாம், வயது வந்தபின் அவளே முடிவு செய்யட்டும் என்று ஆலோசகர் சொன்னதை ஏற்றுக்கொண்டோம். நடுத் தங்கைக்கு மாற்றம் இல்லை. மூன்று பெண் குழந்தைகளின் தந்தையான கடைசிக் கொழுந்தனார் மட்டும், ஆணுக்கு எதற்கு மார்புச் சோதனை என்று ஐந்து மாதம் பேச்சைத் தவிர்த்துவந்தார். அறிக்கையின் நகலை அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு அவரே தொலைபேசியில் அழைத்து, கூரியர் எந்தக் கிழமை கிளம்பும் என்று கேட்டார்.