ஓல் சிக்கி எழுத்துரு: ஐந்தாம் மாதம், இரண்டாம் வரைவு

முப்பது எழுத்தையும் மறுபடி வரைந்து நேற்றுதான் முடித்தேன். முதல் வரைவை முழுதாக ஒதுக்கிவிட்டேன். ஏன் என்று எழுதி வைக்கிறேன்.

கிழக்கிந்தியப் பழங்குடிகளான சந்தால் மக்களின் சந்தாலி மொழிக்காகப் பண்டித ரகுநாத் முர்மு 1925-இல் ஒடிசாவின் மயூர்பஞ்சில் உருவாக்கியது ஓல் சிக்கி. அந்த மொழியை ஓரிடத்தில் வங்க எழுத்திலும், இன்னோரிடத்தில் ஒடியாவிலும், வேறிடங்களில் தேவநாகரியிலும் ரோமனிலும் எழுதி வந்தார்கள். ஒரே மொழி பேசுகிறவர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கத் தடுமாறும் நிலை. அதனால் இந்த முப்பது எழுத்தும் அவர்களுக்கு வெறும் வடிவங்கள் அல்ல.

எனக்கு அது புத்தியில் ஏறியிருந்தது, கையில் ஏறவில்லை. சந்தால் வீடுகளின் மண்சுவரில் தீட்டும் பட்டைகளையும் முக்கோணங்களையும் எடுத்து எழுத்து முனைகளில் ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மயூர்பஞ்சுக்காரரான நண்பரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நகை போட்டிருக்கீங்க அண்ணா, நல்லா இருக்கு. ஆனா காளான் எங்கே?" என்றார்.

அவர் கேட்டது 'உத்' என்ற எழுத்தை. காளானைப் பார்த்து வந்த வடிவம் அது. 'இஸ்' ஏர், 'இர்' கதிர் அறுக்கும் அரிவாள், 'அத்' பூமி, 'உண்' பறக்கும் தேனீ. மலை முகட்டுக்கு 'உச்'. தமிழ்க் காதில் இது விழுந்தவுடனே ஒட்டிக்கொண்டது. காடும் வயலும் எழுத்துக்குள்ளேயே இருக்கும்போது, நான் வெளியிலிருந்து கொண்டுவந்து பூசியிருக்கிறேன்!

சரி, முதலிலிருந்து. இரண்டு வாரம் எழுத்துரு வரையும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜைத் திறக்கவே இல்லை. நண்பர் எழுதிக் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்து, பட்டைமுனைப் பேனாவால் ஒவ்வொரு எழுத்தையும் பக்கம் பக்கமாக எழுதினேன். கை பழகிய பிறகுதான் எந்த வளைவு அந்த வடிவத்துக்கு உயிர், எது என் சொந்தச் சரக்கு என்று பிரிக்க முடிந்தது. இந்த முறை அலங்காரம் ஒன்றும் இல்லை. உத்துக்குத் தலை கனம், அவ்வளவே.

வரைவது தமிழைவிட எளிது. கொம்பு இல்லை, கூட்டெழுத்து இல்லை, உயிருக்கும் மெய்க்கும் தனித்தனி எழுத்து. ஆனால் புள்ளி என்னைப் படுத்திவிட்டது. 'கஹ்லா டுடாக்' என்று அடிக்கோட்டில் உட்காரும் ஒரு புள்ளி, முன்னால் நிற்கும் உயிரின் ஒலியை மாற்றும். மொழி என்று பொருள்படும் 'பார்சி'யிலேயே அது வரும். சோதனைத் தாளில் அந்தச் சொல் நடுவில் வாக்கியம் முடிந்தது போல இரண்டாக நின்றது. புள்ளியின் இடப்பக்க இடைவெளியை நான் குறைக்காமல் விட்டிருந்தேன். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் ஓல் சிக்கியில் முற்றுப்புள்ளியே வைப்பதில்லை. வாக்கிய முடிவில் 'முசாட்' என்ற நிமிர்ந்த கோடு. இடைவெளியை 60 அலகிலிருந்து 25-க்கு இறக்கி, புள்ளியைக் கோட்டின் தடிமனைவிடச் சற்றுப் பெரிதாக்கினேன். சிறிய அளவில் அச்செடுத்தாலும் இப்போது சொல் சேர்ந்தே நிற்கிறது.

இன்னும் பத்து எண்களும், எழுத்து இணைகளுக்கிடையே இடைவெளியைச் சரிசெய்யும் கெர்னிங்கும் பாக்கி. நண்பர் அடுத்த மாதம் ஊருக்குப் போகிறார், தாள்களை எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். இதை அவருடைய அம்மா வாசித்துப் பார்க்க வேண்டும்.