ஆஷ்விட்ஸ் போவதற்கு முன்

ஜூலை 6, ஞாயிறு

அப்பா போனில் கேட்டே விட்டார். "கிராக்கோவ்ல இருந்து ஆஷ்விட்ஸ் பக்கம்தானே? ஒரு நாள் அதுக்கு வெச்சுக்கோம்மா." கோட்டை, ஆற்றங்கரை, உப்புச் சுரங்கம் என்று நான் போட்டு அனுப்பிய பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போலந்தில் இந்த ஊருக்குக் குடிவந்ததிலிருந்து வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை எல்லாம், நாஜிகளின் அந்தக் கொலை முகாம் இருக்கும் ஒஷ்வியென்சிம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் திரும்பிவிடுவேன். அன்றைக்கென்று எனக்கு ஏதாவது வேலை இருக்கும். சாயங்காலம் அவர்கள் வந்தால் என்ன சமைப்பது, பேச்சுக் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் என் பங்குக் கவலை. அப்பாவை அப்படி ஏற்றிவிட முடியாது.

ஜூலை 8

வீட்டுக்காரர் ஒரு பேக்கேஜ் பிடித்து வந்திருக்கிறார். காலையில் முகாம், மதியம் வியலிச்கா உப்புச் சுரங்கம், ராத்திரிக்கு வீடு. "ஒரே நாள்ல ரெண்டும் முடிஞ்சிடும்." இங்கே எல்லாரும் விற்பது அதைத்தான், மலிவும்தான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். வெட்டிய முடி 2 டன் குவித்து வைத்திருக்கும் அறையிலிருந்து வெளியே வந்தவர்களை, அடுத்த சில மணி நேரத்தில் உப்புக் கல்லில் செய்த சரவிளக்கின் கீழே நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்வதா? இப்படிச் சொல்லியிருக்க வேண்டும். "வேண்டாம்னா வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். சண்டை.

ஜூலை 9

சுரங்கம் வேறு நாளைக்கு.

ஜூலை 12

முகாம் இப்போது அருங்காட்சியகம். நுழைவு இலவசம், வழிகாட்டிக்குத்தான் கட்டணம். ஆங்கிலச் சுற்று மூன்றரை மணி நேரம். ஆகஸ்ட் 5-க்கு இடம் இருந்தது. நுழைவுச்சீட்டு ஆளின் பெயரில் வரும், வாசலில் அடையாள அட்டையோடு ஒத்துப் பார்ப்பார்கள். அங்கே ஆரம்பித்தது தலைவலி. அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. அத்தைக்கு அந்தக் கட்டத்தில் மாமாவின் பெயர். காலியாக விட்டால் படிவம் நகர மாட்டேன் என்கிறது. தாத்தா பெயரைப் போட்டேன், அழித்தேன், அப்பா பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டேன். ஒரு மணி நேரம் போனது.

நடுவில் வேறொன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 13 லட்சம். பதிவேட்டில் ஏற்றி எண் கொடுத்தது 4 லட்சம் பேருக்குத்தான். ரயிலிலிருந்து இறக்கி நேராக விஷவாயு அறைக்கு அனுப்பியவர்களை எந்தப் பதிவேட்டிலும் எழுதவே இல்லை. கொல்லப்பட்ட 11 லட்சம் பேரில் 10 லட்சம் பேர் யூதர்கள்.

படிவத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடிவிட்டேன்.

ஜூலை 13

பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருந்தால் போதும் என்று அருங்காட்சியகத்திலிருந்து பதில் வந்தது. சீட்டு வாங்கியாயிற்று.

ஜூலை 15

உள்ளே கொண்டுபோகும் பை 35, 25, 15 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். சொன்னதும் அத்தை வீடியோ காலில் தன் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். கேமராவை நோக்கிக் குனிந்தபோது சங்கிலி முன்னால் ஆடியது. டாலரில் ஒரு பக்கம் பிள்ளையார். திரும்பியது. மறுபக்கம் ஸ்வஸ்திக்.

எனக்குப் பேச்சு வரவில்லை. "அந்த நீலப் பை சரியா இருக்கும் அத்தை" என்றேன்.

ஜூலை 16

அக்கா பையனுக்குப் பதிமூன்று வயது. பதினான்குக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம் என்பது அருங்காட்சியகத்தின் பரிந்துரை. தடை கிடையாது. அக்கா "அவன் யூடியூப்ல எல்லாம் பாத்தாச்சுடி" என்கிறாள். அதுதான் பயமே. ஆஷ்விட்ஸின் இரண்டாம் முகாமான பிர்கெனாவில், ஆட்களைக் கொண்டுவந்த ரயில் தண்டவாளத்தின் மேல் கையை விரித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் எதையோ பார்த்துவிட்டு வந்தவர்கள்தானே. 2019 மார்ச்சில் அருங்காட்சியகமே ட்விட்டரில் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது, தண்டவாளத்தில் நடந்து விளையாட வேறு இடங்கள் இருக்கின்றன என்று.

போனே உள்ளே கூடாது என்று அவனிடம் பொய் சொல்லிவிடலாமா? படம் எடுக்க அனுமதி உண்டு, ஃப்ளாஷ் மட்டும் கூடாது. முழுத் தடை இரண்டே இடத்தில்தான். 4-ம் பிளாக்கில் முடி இருக்கும் அறை, 11-ம் பிளாக்கின் நிலவறை. பொய் சொன்னால் வாசலிலேயே தெரிந்துவிடும்.

ஜூலை 18

டாலர். டாலர். டாலர்.

ஜூலை 19

தினமும் டிராம் மாறும் கெட்டோ வீரர்கள் சதுக்கத்தில் இன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். சதுக்கம் முழுக்க இரும்பு நாற்காலிகள், காலியாக. 1943 மார்ச்சில் நாஜிகள் கெட்டோவை, அதாவது யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியை, காலி செய்தபோது தெருவில் வீசப்பட்ட சாமான்களின் நினைவாக. டிராம் நிறுத்தத்தை ஒட்டிய சின்ன நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்து பர்கர் சாப்பிடுகிறார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன், காய்கறிப் பையோடு. உட்காரலாமாம், ஊரின் அன்றாடத்தோடு கலந்துதான் இருக்கட்டும் என்று அமைத்தார்களாம். அப்படியானால் மரியாதை என்று நான் இங்கே மெனக்கெடுவதெல்லாம் யாருக்காக?

இரண்டு டிராம்களை விட்டுவிட்டேன். நின்றுகொண்டேதான்.

ஜூலை 22

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. மழை.

ஜூலை 26, சனி

வந்து சேர்ந்தார்கள். அப்பா இளைத்திருக்கிறார். வலது முழங்கால் வீங்கியிருக்கிறது, தடி எடுக்க மாட்டாராம்.

ஜூலை 28

அப்பாவின் கால்தான் இன்றைய கவலை. முதல் முகாமில் படிகள், கரடுமுரடான கல் பாவிய பாதை. பிர்கெனாவ் 170 ஹெக்டேருக்கு மேல். இரண்டுக்கும் நடுவே மூன்று கிலோமீட்டருக்கு இலவச பஸ் உண்டு. ஆனால் பிர்கெனாவ் வாசலிலிருந்து ரயில் மேடை வழியாக, நாஜிகளின் எஸ்.எஸ். படை போகும்போது வெடிவைத்துத் தகர்த்த தகன கூடங்கள் வரைக்கும் நடந்துதான் ஆக வேண்டும், நிழலே கிடையாது. முதல் முகாமோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு.

"மேடையைப் பாக்காம நான் எதுக்கு வரணும்?"

1944-இல் ஹங்கேரியிலிருந்து வந்த யூதர்களை அந்த மேடையில் எஸ்.எஸ். ஆட்களே படம் எடுத்தார்கள். விடுதலைக்குப் பின் அந்த ஆல்பம் வேறொரு முகாமில் லிலி யாகோப் கையில் கிடைத்தது, அவரும் அதே ரயில்களில் வந்தவர்தான். அதில் ஒரு படத்தில் வயதான அம்மா ஒருவர் குழந்தைகளை அழைத்துக்கொண்டு நடந்துபோகிறார். அப்பா அந்தப் படத்தை எத்தனையோ வருடம் பத்தாம் வகுப்பில் காட்டியிருக்கிறார். பாடப் புத்தகத்தில் இரண்டு வரிதான் இருக்கும், அவர் ஒரு பீரியட் முழுக்க எடுப்பார்.

சக்கர நாற்காலி என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை.

ஜூலை 29

அத்தையிடம் சொல்லிவிட்டேன். ராத்திரி, பாத்திரம் கழுவும்போது, முகத்தைப் பார்க்காமல். நம்முடையது வேறு, நாஜிகள் கொடியில் இருந்தது வேறு, சாய்ந்திருக்கும், என்றெல்லாம் நானே சுற்றிச் சுற்றிப் பேசினேன். தாத்தா பாட்டியை இழந்த ஒருவர் எதிரே வந்தால் அளவெடுத்தா பார்ப்பார் என்றும் சொன்னேன்.

"எழவு வீட்டுக்குப் பட்டுப் புடவை கட்டிக்கிட்டா போறோம்? கழட்டி வெச்சாப் போச்சு" என்றார் அத்தை. அவ்வளவுதான். இரண்டு வாரமாக நான் தூங்காதது இதற்குத்தான்.

அப்புறம் அந்தக் கணக்கிலேயே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார். புளியோதரை கட்டுவதில்லை. வெளியே வரும்போது யாரும் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. வந்ததும் தலைக்குக் குளியல். முதல் இரண்டும் சரி. குளியலில்தான் எனக்கு ஒப்பவில்லை. ஒரு ஜனத்தையே தீட்டு என்று ஒதுக்கியதில்தானே எல்லாம் தொடங்கியது. வாதாடவில்லை. வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் எப்படியும் குளிப்போம்.

ஜூலை 31

பையனுக்கு ஒரு வழி தோன்றியது. ஒஷ்வியென்சிம் ஊருக்குள் மிஞ்சியிருக்கும் ஒரே யூத ஜெப ஆலயம் இப்போது யூத அருங்காட்சியகம். போருக்கு முன் அந்த ஊரில் பாதிக்கு மேல் யூதர்கள். கடை, பள்ளிக்கூடம், கல்யாணப் படங்கள். அங்கே வாழ்ந்த கடைசி யூதர் ஷிமோன் க்ளூகர் 2000-இல் இறந்தார், அவர் வீடு இப்போது காபிக் கடை. எப்படிச் செத்தார்கள் என்பதற்கு முன்னால் எப்படி இருந்தார்கள் என்று அவன் பார்க்கட்டும். நான் அவனோடு ஊருக்குள் இருந்துகொள்கிறேன், அப்பாவும் அத்தையும் உள்ளே போகட்டும்.

எனக்கு வசதியான வழி என்பது இவருக்கும் தெரிந்திருக்கிறது. "நான் லீவு போட்டுட்டேன். பையன் என்னோட" என்றார்.

ஆகஸ்ட் 2, சனி

1944-இல் இதே நாள் ராத்திரி, பிர்கெனாவில், ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களின் முகாமில் மிச்சமிருந்தவர்களைக் கொன்றார்கள். 4,000 பேருக்கு மேல், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். ஆண்டுதோறும் அங்கே நினைவுக் கூட்டம் நடக்கிறது. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனில் படித்தார். "இதை ஒரு நாளும் நான் கிளாஸ்ல சொன்னதில்லையே" என்றார். மத்தியானம் சாப்பிடவில்லை. முழங்கால் வலி என்கிறார்.

ஆகஸ்ட் 3

உப்புச் சுரங்கம். அத்தைக்கு ரொம்பப் பிடித்தது. பையன் சுவரை நக்கிப் பார்த்தான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மங்கலான நிறத்தில் சுடிதார், தட்டையான செருப்பு வேண்டாம், ஷூ. அப்பாவுக்குத் தொப்பி, உள்ளே கட்டடங்களுக்குள் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லிவைத்தேன். தெரியும் என்றார். தடியை மடக்கி என் பையில் வைத்து அளந்தேன், 35-க்குள் அடங்கவில்லை. கையில் பிடித்துக்கொள்கிறேன், என்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம்.

27-ம் பிளாக்கில் பெயர்ப் புத்தகம் இருக்கிறது, இங்கே மட்டுமல்ல, எல்லா இடங்களிலும் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்கள், பக்கம் பக்கமாகப் புரட்டலாம். 42 லட்சம் பெயர்கள் என்று படித்தேன். மூன்றரை மணி நேரத்தில் அங்கே எவ்வளவு நேரம் விடுவார்களோ. வழிகாட்டியிடம் கேட்க வேண்டும்.

டாலர் சாமி மாடத்தில் இருக்கிறது. பாஸ்போர்ட் எல்லாம் என்னிடம். அலாரம் ஐந்தரைக்கு.