சாக்ஸ் பள்ளம்

சாக்ஸைக் கழற்றிய பிறகும் பெரியவரின் கணுக்காலில் அந்தப் பள்ளம் அப்படியே நிற்கிறது.

"வயசாச்சுல்ல, கால் வீங்கத்தான் செய்யும்" என்கிறார்கள் கூட வந்தவர்கள்.

ஏற்கெனவே இதயச் செயலிழப்பு (இதயம் ரத்தத்தைப் போதிய அளவு பம்ப் செய்ய முடியாத நிலை) உள்ளவர். தேங்கும் நீரை எடை மெஷின் முன்பே காட்டியிருக்கும். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் எடை பாருங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைடு மாத்திரை வீக்கத்தையும் மூச்சிரைப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். இதயம் பம்ப் செய்யும் திறன் 40 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால், ஆயுளைக் கூட்டும் மருந்துகள் வேறு: பீட்டா பிளாக்கர், ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின், சாக்குபிட்ரில்-வால்சார்டன் அல்லது எனாலாப்ரில் வகை.

"எனக்குத்தான் சுகர் இல்லையே" என்று டாபாகிளிஃப்ளோசினை நிறுத்திவிடுகிறார்கள். அது சுகர் மருந்தும்கூட; ஆனால் இங்கே இதயத்துக்காகத் தந்தது.

வயதைக் காட்டி இவற்றைத் தவிர்ப்பது சரியல்ல. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றலாம். பீட்டா பிளாக்கரை 2 வாரத்துக்குள் இரட்டிப்பாக்கக் கூடாது. ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கினால் 1-வது, 4-வது வாரங்களில் ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்த்தே ஆகவேண்டும்.

இத்தனையையும் பல நேரம் கெடுப்பது மூட்டுவலிக்குத் தாமாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென். உப்பையும் நீரையும் பிடித்து வைத்து, சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

வலிக்குப் பாராசிட்டமால் கேளுங்கள். தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகை மட்டும் வேண்டாம். அதில் சோடியம் அதிகம்.