ஆட்டத்தைப் பற்றியும் எழுதுங்கள்

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் நம் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்றார். ஒற்றையர், இரட்டையர், குழு மூன்றிலும்! அந்த வாரம் என் கண்ணில் பட்ட தலைப்பெல்லாம் ‘ஆட்டோ ஓட்டுநர் மகள் சாதனை’ என்றுதான் இருந்தது. 2008-இல் உலகப் பட்டம் வென்ற வியாசர்பாடி இளவழகியைப் பற்றி எழுதும்போதும் அப்பாவின் தொழில்தான் முதலில் வரும்.

அப்பாக்களின் உழைப்பைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பகுதிக்கு அது பெருமை. ஆனால் ஜெயித்தவளின் பெயர் கீழே போய்விடுகிறது, ஆட்டம் வரவே வருவதில்லை. சிவப்புக் காயை எந்த நேரத்தில் எடுத்தார், அதைத் தனதாக்க அடுத்துத் தன் காயைப் போடும் ஃபாலோவை எப்படிப் போட்டார், எதிராளியின் காயை எங்கே மறித்து வைத்தார்? இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. ஒரு கிரிக்கெட் வீரரின் சதத்தை மட்டும் பந்து பந்தாக எழுதத் தெரிகிறது.

சினிமா இன்னும் மோசம். கேரம் போர்டு என்றால் சுற்றிலும் ஆண்கள், பக்கத்தில் கத்தி. எங்கள் ஊர்ப் பெண்களுக்கோ குழாயடிச் சண்டை, இல்லாவிட்டால் ஒப்பாரி.

எங்கள் தெருவில் சாயங்காலம் போர்டைப் போட்டு பவுடர் தூவியதும் பெண்பிள்ளைகளும் வந்து நிற்கிறார்கள். ‘பார்த்தது போதும், வீட்டுக்குப் போம்மா’ என்று யாராவது ஒரு அண்ணன் விரட்டுகிறார். அண்ணே, ஸ்ட்ரைக்கரை அந்தப் பிள்ளை கையில் கொடுங்கள். நிருபர் தோழர்களே, அடுத்த பேட்டியில் ஆட்டத்தைப் பற்றியும் ரெண்டு கேள்வி கேளுங்கள்.