கலந்தாய்வுக்கு முன்பே கட்டணக் கணக்கு: மகளைப் பொறியியல் படிப்பில் சேர்த்த அனுபவம்

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் 2024-ஆம் ஆண்டு எங்கள் மகள் பங்கேற்றாள். தென்காசி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழ்வழியில் படித்தவள். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்குச் செல்லும் முதல் ஆள். பெரும்பாலான வீடுகளில் முதலில் கல்லூரியை முடிவு செய்கிறார்கள், பிறகு பணத்துக்கு அலைகிறார்கள். நாங்கள் அந்த வரிசையை மாற்றினோம். எந்தெந்த உதவி உறுதியாகக் கிடைக்கும் என்று முதலில் தெரிந்துகொண்டு, அதன்பின் விருப்பப் பட்டியலை எழுதினோம். அதனால் கிடைத்த நன்மையைப் பிற பெற்றோருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு சான்றிதழ் வேலைகளைத் தொடங்கினோம். சாதிச் சான்றிதழ் ஏற்கெனவே இருந்தது. வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். மதிப்பெண் வெளியான பிறகு விண்ணப்பித்தால் வருவாய்த்துறை அலுவலகங்களில் கூட்டம் அதிகமாகிவிடும் என்பதால் இதில் முந்திக்கொள்வது நல்லது. கல்விக் கட்டணத்தைக் குறைக்கும் முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே உண்டு. அதற்கான கூட்டு உறுதிமொழிப் படிவத்தையும் சான்றிதழுடன் பதிவேற்ற வேண்டும். தம்பி தங்கை இருக்கும் வீடுகளில் இச்சலுகையை யாருக்குப் பயன்படுத்துவது என்பதைப் பொறுமையாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். இது கலந்தாய்வு வழியாகச் சேர்வோருக்கே பொருந்தும். நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கினால் இச்சலுகை கிடைக்காது.

7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு பற்றி எங்கள் பகுதியில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு உரியது அது. அவர்களுடைய கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. உதவி பெறும் பள்ளியில் படித்த என் மகளுக்கு அந்த ஒதுக்கீடு பொருந்தவில்லை. ஆனால் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம், உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் 2024-25 கல்வியாண்டில் விரிவாக்கப்பட்டது. ஒரே பள்ளிச் சான்று ஒரு திட்டத்தில் தகுதியாகவும் மற்றொன்றில் தகுதியின்மையாகவும் அமையக்கூடும் என்பதால், ஒவ்வொரு திட்டத்தின் விதியையும் தனித்தனியே படித்துப் பார்க்க வேண்டும்.

மகளின் கட்-ஆஃப் 200-க்கு 178. கணிதத்தில் 92, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதியாக்கினால் 42, 44. இந்த மதிப்பெண்ணுக்குச் சுயநிதிக் கல்லூரிகளே பெரும்பாலும் கைக்கு எட்டுவதாகத் தெரிந்தது. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 2017-இல் நிர்ணயிக்கப்பட்ட ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய். பாடப்பிரிவுகளின் தரத்தைச் சோதிக்கும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய். பார்த்தவுடன் 50,000 ரூபாய்ப் பாடப்பிரிவே மேல் என்று தோன்றும். கல்விக் கடனையும் சேர்த்துக் கணக்கிட்டபோது நிலைமை வேறாக இருந்தது.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் உரிய கடன் வட்டியை மத்திய அரசே செலுத்தும் திட்டம் இருக்கிறது. ஆனால் கல்லூரி, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' என்ற தேசிய அமைப்பின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், அல்லது பாடப்பிரிவு மேற்சொன்ன வாரியத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். ஆண்டுக்கு 75,000 வீதம் நான்கு ஆண்டுகளில் 3 லட்சம் ரூபாய்க் கடன் வாங்குவதாகவும், 10 விழுக்காடு தனிவட்டி என்றும் வைத்துக்கொண்டால், அந்த ஐந்தாண்டுகளில் சேரும் வட்டி ஏறத்தாழ 1,05,000 ரூபாய். அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு நான்கு ஆண்டுகளிலும் கூடுதலாகச் செலுத்துவதோ 20,000 ரூபாய்தான். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, இரண்டு அங்கீகாரங்களும் இல்லாத கல்லூரிகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரியான தேர்ச்சி விவரத்தையும் உடன் வைத்துப் பார்த்ததால் பட்டியல் இன்னும் தெளிவடைந்தது.

விடுதி, உணவு, பேருந்துக் கட்டணங்களையும் விசாரிக்காமல் விடக்கூடாது. அவை கல்விக் கட்டணத்தை விட அதிகமாகிவிடுவதுண்டு. முதல் பட்டதாரிச் சலுகை அவற்றைத் தொடுவதில்லை. ஒரு கல்லூரியில் வேலைவாய்ப்புப் பயிற்சிக்கென்று தனித்தொகை கேட்டார்கள். அதை எழுத்தில் தரும்படி கேட்டபோது தயங்கினார்கள். அந்தக் கல்லூரியைப் பட்டியலில் கீழே இறக்கினோம்.

பட்டியலின் வரிசை மிக முக்கியம். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, இன்னும் மேலான விருப்பத்துக்குக் காத்திருப்பதாகத் தெரிவித்தால், மேலே உள்ள இடம் காலியாகும்போது அது தானாகவே ஒதுக்கப்படும். முதலில் கிடைத்த இடத்துக்குத் திரும்ப முடியாது. ஆகையால், பெயருக்காகச் சேர்த்த, ஆனால் செலவைத் தாங்க முடியாத கல்லூரி எதுவும் மேல்வரிசையில் இருக்கக்கூடாது. மகளுக்கு மின்னணுவியல் மற்றும் தகவல்தொடர்புப் பிரிவில், எங்கள் பட்டியலின் மேற்பகுதியில் இருந்த கல்லூரியிலேயே இடம் கிடைத்தது.

கடன் பெறுவதில்தான் அதிக நேரம் சென்றது. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, கல்லூரி தந்த போனஃபைடு சான்றிதழையும் கட்டண விவரத்தையும் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குச் சென்றோம். அங்கிருந்த அதிகாரி சொத்துப் பத்திரம் கேட்டார். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணையும் வெளியார் ஜாமீனும் தேவையில்லை, பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும் என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் கூறுகிறது. அதை மரியாதையுடன் எடுத்துச் சொல்லி, மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்டோம். அதன்பின் விண்ணப்பம் நகர்ந்தது. பெற்றோரின் பழைய நகைக்கடன், பயிர்க்கடன் ஆகியவற்றில் நிலுவை இருந்தால் இந்தக் கட்டத்தில் தடையாக வரும். முன்னதாகவே தீர்த்துவைப்பது நல்லது.

குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் உள்ள மாணவியருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வழங்கும் பிரகதி உதவித்தொகைக்கும் விண்ணப்பித்தோம். தகுதி வரிசைப்படி தேர்வு நடப்பதால் அத்தொகையை எங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. கையில் உறுதியாக வரும் பணத்தை மட்டும் வைத்தே நான்கு ஆண்டுகளுக்கும் திட்டமிட்டோம். அரசுத் தொகைகள் மாணவியின் வங்கிக் கணக்குக்கே வருவதால், ஆதாருடன் அக்கணக்கை இணைத்து முடித்துவிட வேண்டும். அடுத்த ஆண்டுக்கான கடன் தவணையை விடுவிக்க வங்கி மதிப்பெண் பட்டியலைக் கேட்கும். பருவத் தேர்வு முடிவு வந்தவுடன் மகள் அதன் நகலை எடுத்து, வருமானச் சான்றிதழுடன் ஒரே கோப்பில் வைத்துவிடுகிறாள்.