பெல்ட்டில் ஒரு புது ஓட்டை

ஆகஸ்ட் 31, 2024, சனி

இத்தாலியில், சிசிலித் தீவில் இருக்கிற பலேர்மோ வந்து சேர்ந்துவிட்டோம். விமான நிலையத்தில் அண்ணா குனிந்து பெட்டியைத் தூக்கும்போது பார்த்தேன், பெல்ட்டில் புது ஓட்டை. ஆணியால் குத்தியிருக்கிறார்.

செப்டெம்பர் 1, ஞாயிறு

புதன்கிழமை என்றிருக்கிறார்கள். அம்மாவுக்கு முன்னால் அதைப் பற்றிக் கதைக்கக் கூடாதாம். சரி.

செப்டெம்பர் 2, திங்கள்

அண்ணா பள்ளிக்கூடச் சுற்றுலா மாதிரி நேரம் போட்டு வைத்திருந்தார். முதலில் பல்லாரோச் சந்தை. கடைக்காரர்கள் கத்துகிற கத்தலில் சின்னவன் காதைப் பொத்திக்கொண்டான். அம்மா ஒரு மரக்கறிக் கடையில் நின்றவர்தான், அசையவில்லை. ஒரு பாக நீளத்தில் வெளிர்பச்சைக் காய், குக்குட்சா என்கிறார்கள், பார்த்தால் சுரைக்காய்! அதன் கொழுந்தையும் இலையையும் தெனெரூமி என்று கட்டுக்கட்டாக விற்கிறார்கள், ஸ்பகெட்டியை முறித்துப் போட்டு ரசம் மாதிரி வைப்பார்களாம். இவ்வளவு தூரம் பறந்து வந்து அம்மா வாங்கிய முதல் சாமான் சுரைக்காய். அதை நாள் முழுக்கக் காவினது நான்.

பிறகு பானெல்லே. கடலைமாவைக் காய்ச்சி, ஆறவைத்து, மெல்லிசாக வெட்டிப் பொரித்து, எள்ளுப் போட்ட பாணுக்குள் வைத்து, எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். நாங்கள் ஆளுக்கு ஒன்று. அண்ணா இரண்டு துண்டு எடுத்தார், ஒன்றைச் சின்னவனுக்குக் கொடுத்தார். அடுத்த வண்டியில் மாட்டு மண்ணீரலையும் நுரையீரலையும் அவித்துக் கொழுப்பில் பொரித்த பாண். எலுமிச்சை மட்டும் என்றால் அது 'தனியாள்', சீஸும் போட்டால் 'கலியாணம் கட்டியது' என்று மருமகள் சொல்ல, இவர் உடனே எனக்குத் தனியாள் காணும் என்றார். அண்ணா சிரித்தார். சிரித்தார், சாப்பிடவில்லை. முந்தி எங்கள் தட்டிலும் கை வைக்கிற ஆள்.

குவாத்ரோ காந்திச் சந்தியில் நாலு மூலையிலும் வளைந்த நாலு முகப்பு, ஒவ்வொன்றிலும் கீழே ஒரு பருவகாலம், நடுவில் ஒரு ஸ்பானிய அரசன், மேலே நகரத்தைக் காக்கிற ஒரு புனிதை. இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியா எங்கே என்று கேட்டேன். அவ இல்லை. 1624இல் கொள்ளைநோய் வந்து, மலையில் அவவின் எலும்புகள் கிடைத்து, அடுத்த வருடம் ஊர்வலமாகக் கொண்டு வந்த பிறகுதான் இந்த ஊர் அவவுடையதாகியது. சந்தி அதற்கு முன்னமே கட்டியாயிற்று. மேலே நிற்கிற நாலு பேரையும் இப்போது யார் கும்பிடுகிறார்கள்? இதைச் சொல்லி முடிக்கிறதற்குள் அண்ணாவுக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கியது. வெயில் என்றார்.

பக்கத்தில் பிரெத்தோரியா நீரூற்று, கன சிலைகள் அம்மணம், அதனால் சனம் அதற்கு 'வெட்கச் சதுக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறது. பிள்ளைகளைத் திருப்பி நிற்க வைக்கப் போன என்னைப் பார்த்து அம்மா, "எங்கட கோபுரத்தில இல்லாததே" என்றார். எதிரே சாந்தா கத்தெரீனா மடத்தில் கன்னோலி, பொரித்த மாக் குழல், கையளவு, உள்ளே ரிக்கொத்தாச் சீஸ். அண்ணா ஒரு கடி.

அரண்மனைக்குள் இருக்கிற பாலத்தீனா தேவாலயம். நோர்மானிய அரசன் இரண்டாம் ருஜ்ஜேரோ கட்டுவித்தது, சுவர் முழுக்கப் பொன் மொசைக், கூரை அரபுக் கைவினைஞர் செய்த மரத் தேன்கூடு. அழகுதான். ஆனால் நான் அண்ணா வெளியே எங்கே இருக்கிறார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு அரஞ்சீனா, சோற்றை உருட்டிப் பொரித்த உருண்டை. இங்கே அது பெண்பால், கத்தானியாவில் ஆண்பால், மாற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று அண்ணாவே சொன்னார், சொல்லிக்கொண்டே தன்னுடையதைக் கடதாசியில் சுற்றினார்.

இன்றைய கணக்கு: பானெல்லே ஒரு துண்டு, கன்னோலி ஒரு கடி, அரை கிளாஸ் எலுமிச்சை கிரனீத்தா.

செப்டெம்பர் 3, செவ்வாய்

இரவு 11:50. கால் எரிகிறது. நாளை ரொசாலியாவின் நாள் என்று மச்சாளோடு அவவின் மலை, மொந்தே பெல்லெக்ரீனோ, ஏறினேன். கல் பதித்த பழைய பாதை, சனம் சனமாக, வெறுங்காலோடு. பாதிப்பேர் எங்கட ஆட்கள் போலத் தெரிந்தது, திருநீறும் செபமாலையும் ஒரே வரிசையில். உச்சியில் குகைதான் கோயில். பாறையில் ஒழுகுகிற தண்ணீரைத் தகரப் பீலி பிடித்து வடிக்கிறார்கள், கண்ணாடிக்குள் பொன்னாடையோடு அவ படுத்திருக்கிறா. மச்சாள் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டா. என்ன நேர்த்தி என்று கேட்டேன். சொல்லவில்லை. நல்ல கேள்வி கேட்டேன்!

செப்டெம்பர் 4, புதன்

காலை 11. ஒன்றுமில்லை.

பின்னேரம் 4. மச்சாள் எடுத்தா. வெள்ளிக்கிழமையாம். ஏன் என்று சொல்லவில்லையாம். குளிர்சாதனப் பெட்டியில் அந்த அரஞ்சீனா அப்படியே இருக்கிறது, இரண்டு நாள், யாரும் எறிகிறார்களில்லை, நானும் எறியவில்லை.

செப்டெம்பர் 5, வியாழன்

அம்மா சுரைக்காயைப் பால்கறி வைத்தார். அண்ணா தானே கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து இருந்தார். எல்லோரும் வேறெங்கோ பார்த்தோம். நான் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்னவோ கதைத்துக்கொண்டிருந்தேன்.

பாத்திரம் கழுவும்போது அம்மா பைப்பைத் திறந்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "ஆறு வாய்" என்றார்.

நான் ஐந்து என்றுதான் எண்ணியிருந்தேன்.

செப்டெம்பர் 6, வெள்ளி

7:10. அண்ணா முகம் வழிக்கிறார். நல்ல சேர்ட்டை எடுத்து வைத்திருக்கிறார்.